முடி உதறும் சிலந்தி

நான் முதலில் வளர்த்த சிலந்தி நம்மூர் இனம். மண்ணுக்குள் வளை தோண்டிக்கொண்டு வாழ்வது. ஒன்றரை வருஷம் அதற்குத் தண்ணீர் வைத்தேன், கரப்பான் போட்டேன், தேங்காய் நார்த்தூளை ஈரம் பார்த்து மாற்றினேன். அத்தனை நாளில் அதன் முழு உடம்பை மூன்று முறை பார்த்திருந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் நார்த்தூள் நிரம்பிய ஒரு கண்ணாடித் தொட்டியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன். இதற்கு வெறும் மண்ணையே வளர்த்திருக்கலாமே என்று அண்ணன் கேலி செய்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது மன்னார்குடியில் எங்கள் தெருவுக்கே தெரியும். கல்யாணமாகிப் போன இடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்க முடியாமல் பெட்டியோடு திரும்பி வந்தவள் நான். வந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு, ஆனால் ஊர் அதை என் கோபக் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. பகலில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. அண்ணன் அதே தெருவில் தனிக்குடித்தனம். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாடியறையும் அதிலிருந்த கண்ணாடித் தொட்டியும்தான் இருந்தன.

அதனால் இரண்டாவது சிலந்தியை யோசித்துத் தேர்ந்தெடுக்க நினைத்தேன். வெளியே வந்து நிற்கும் இனமாக இருக்க வேண்டும், இரை போட்டால் பாய்ந்து பிடிக்க வேண்டும், அறைக்குள் யார் வந்தாலும் முதலில் கண்ணில் படவேண்டும். சிலந்தி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சென்னைக்காரர் ஒருவர் அறிமுகமானார். பிரேசில் நாட்டு இனம் ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்லி வீடியோ அனுப்பினார். கருகருவென்ற உடம்பு, ஒவ்வொரு காலிலும் முட்டிக்கு முட்டி வெள்ளைப் பட்டை, வயிற்றின் மேல் செம்பட்டை முடி. குழுவில் அதை வெள்ளை முட்டி என்றுதான் அழைத்தார்கள். ஆண் என்றால் சீக்கிரம் செத்துவிடும், பெண் பத்துப் பதினைந்து வருஷம் கிடக்கும் என்பதால் உரித்த சட்டையைப் பார்த்துப் பெண் என்று உறுதியானதையே கேட்டேன். நேரில் போய் வாங்கியபோது அவர் இரண்டு விஷயம் சொன்னார்.

"கடிச்சா தேனீ கொட்டின மாதிரி, அவ்ளோதான். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா கோவம் வந்தா பின்னங்காலால வயித்து முடிய உதறும். கண்ணுல மட்டும் பட்டுடாம பாத்துக்கங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். கடித்தால் தேனீ கொட்டியது போலத்தான் என்றேன். அப்பா தாலுக்கா ஆபீசில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளையும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். மகள் சொன்னால் மட்டும் பாதியோடு சரியென்று தலையாட்டிவிடுவார். அவர் என்னை நம்பியதை நான் அன்றைக்குச் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளை முட்டி வந்த பிறகு எனக்கு வீட்டுக்கு வரப் பிடித்தது. கதவைத் திறந்தால் தொட்டியின் நடுவில் காலைப் பரப்பி நிற்கும். தண்ணீர்ச் சட்டியில் நீர் ஊற்றினால் அந்த நீரின் மேலேயே பாயும். கரப்பானைப் போட்டால் அது தரையில் விழும் முன்பே பிடித்துவிடும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு முறை அலறினார்கள், பிறகு இன்னொரு முறை போடச் சொன்னார்கள். ஒரே ஒருத்திதான் அலறாமல் பார்த்தவள், எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்த அக்கா.

டவுனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஒன்பது மா நிலம், ஏக்கர் கணக்கில் மூன்று. அப்பாவின் அப்பா காலத்திலிருந்து அதை அந்த அக்காவின் புருஷன் வீட்டார்தான் சாகுபடி செய்தார்கள். புருஷன் மாரடைப்பில் போன பிறகு அவளே நாற்று விட்டு, நடவுக்கு ஆள் பிடித்து, மடை திறந்து, அறுத்துக் கொடுத்தாள். முதல் தடவை மாடிக்கு வந்து சிலந்தியைப் பார்த்தபோது குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தாள். இது என்ன திங்கும் என்று மட்டும் கேட்டாள். அடுத்த முறை வரும்போது காப்பித்தூள் பாட்டிலில் பத்துப் பன்னிரண்டு வெட்டுக்கிளிகள் இருந்தன. வயல் பூச்சியைச் சிலந்திக்குப் போடக் கூடாது, பூச்சிமருந்து பட்டிருந்தால் தின்றதும் சுருண்டுவிடும் என்று நான் பயந்தேன். மருந்தடிக்காத ஒரு மூலையை அதற்கென்றே விட்டு வைத்திருப்பதாக அவள் சொன்னாள். யாருக்காக விட்டு வைத்தாள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. குத்தகைப் பதிவேட்டில் இன்னும் செத்துப்போன புருஷன் பெயர்தான் இருந்தது. அவள் பெயர் ஏறாவிட்டால், பயிர் செய்வது யார் என்று காட்டும் அடங்கல் அவள் பெயரில் கிடைக்காது. வெள்ளம் வந்து பயிர் அழுகினாலும் நிவாரணப் பட்டியலில் அவள் இருக்க மாட்டாள். நாளைக்கு யாராவது நிலத்தை விட்டுப் போ என்றால் சாகுபடி செய்தது அவள்தான் என்று காட்ட ஒரு துண்டுத் தாள் இருக்காது. சட்டம் வாரிசுக்கு உரிமை தருகிறதுதான். ஆனால் நிலத்துக்காரர் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் மாதத்தில் முடிகிற காரியம், போடாவிட்டால் கேஸாகி வருஷக்கணக்கில் இழுக்கும். அது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். போடுகிறேன் என்று அவளிடம் சொல்லியுமிருந்தார்.

அண்ணனுக்கு அதில் இஷ்டமில்லை. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் நிலம் என்று பேச்சை எடுத்தாலே சண்டை. ஒரு பக்கம் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தவர்களை மறித்து ஜனங்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு பக்கம் வயலில் மண்ணடித்து மேடாக்கி, மனை போட்டு, கொடி நட்டார்கள். ஆட்சி மாறினால் மேடைக்குப் பின்னால் கட்டும் துணியின் நிறம் மாறியது, அவ்வளவுதான். அண்ணன் கட்சியில் நகரப் பொறுப்பில் இருந்தான். காலையில் கரை வேட்டியோடு போய்க் குழாய் எதிர்ப்புப் பந்தலில் விவசாயி வாழ்க என்று பேசுவான், சாயங்காலம் மனை வாங்க வருகிறவர்களுக்கு வயல் காட்டுவான். எங்கள் ஒன்பது மாவும் பஸ் ரோட்டை ஒட்டியிருந்தது. அவள் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அதை மனையாக்குவது லேசில் நடக்காது.

கையெழுத்துப் போடுவதாக இருந்த நாள் ஒரு விடுமுறை நாள். காலையில் தொட்டியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். வெள்ளை முட்டியை பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றும்போது அது பிடிவாதமாகத் திரும்பி நின்று, பின்னங்கால்களால் வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து முடியை உதறியது. வெயில் விழுந்த இடத்தில் அந்தப் பொடி முடி மிதப்பது தெரிந்தது. இருட்டாக இருந்தால் அடங்கும் என்று, மாடிக் கொடியில் கைக்குக் கிடைத்த துண்டை எடுத்து டப்பாவின் மேல் போர்த்தினேன். அது அப்பாவின் ஈரிழைத் துண்டு. வேலை முடிந்ததும் இரண்டு உதறு உதறி மறுபடி கொடியிலேயே போட்டேன். மணிக்கட்டு அரித்தது, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கீழே போனேன்.

பத்து மணி வாக்கில் அக்கா வந்தாள். அவள் வந்த சற்று நேரத்தில் தூறல் போட்டது. யாரும் சொல்லாமலேயே மாடிக்கு ஓடி, கொடியில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து மடித்தாள். கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொல்ல வந்திருந்த அண்ணன் அப்போது நாற்காலியில் இருந்தான். அப்பா குளியலறையிலிருந்து துண்டு கேட்டார். அவளே எழுந்து போய்க் கதவிடுக்கில் நீட்டினாள். அப்பாவுக்கு முகத்தைத் துடைப்பது என்றால் சட்டி விளக்குவது போல அழுத்தித் தேய்க்க வேண்டும்.

சட்டை மாட்டிக்கொண்டு மேசைக்கு வருவதற்குள் கழுத்தும் நெற்றியும் தடித்துவிட்டன. வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் அடித்துக் கழுவக் கழுவ எரிச்சல் கூடியது. மனிதர் வலி பொறுப்பவர், அன்றைக்குக் குழந்தை போல முனகினார். அண்ணன் துண்டை முகர்ந்து பார்த்தான். தன் விரலிடுக்கிலும் அரிக்கிறது என்று சொறிந்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"பூனைக்காலி" என்றான்.

எங்கள் ஊர்ப்பக்கம் அந்த ஒரு சொல் போதும், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். வேலியோரத்தில் படரும் கொடி அது. காய் மேல் இருக்கும் சுணை பட்டால் உடம்பெல்லாம் பற்றியெரியும். ஆகாதவன் வேட்டியில் தடவுவது, கல்யாணப் பந்தலில் சம்பந்தி விரிப்பில் தூவுவது எல்லாம் உண்டு. அண்ணனே இள வயதில் எதிர்க்கட்சிக் கூட்டத்து நாற்காலிகளில் அதைத் தூவிவிட்டு வந்து விழுந்து விழுந்து சிரித்தவன்தான். அந்த அரிப்பு எப்படியிருக்கும் என்று தெரிந்தவன் ஆனதால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. சிலந்தியின் முடி அரிக்கும், அதை அது உதறும் என்பது அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவள் ஏன் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடப் போகிறவரின் கண்ணைக் கெடுப்பாளா என்று நான் கேட்டேன். அவ்வளவு கேட்க எனக்கு வாய் வந்தது. அதற்கு அவன் முந்தின நாள் தானே கிராமத்துக்குப் போய், அப்பா கையெழுத்துப் போடமாட்டார், சும்மா அலையாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னான். அந்த ஆத்திரத்தில் செய்திருக்கிறாள் என்றான். அவள் கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். நான் செய்யலங்க சின்னய்யா என்று இரண்டு தரம் சொன்னாள். ஆட்டோ வந்தது, அப்பாவை ஏற்றினோம்.

தஞ்சாவூரில் கண் டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, கருவிழியில் பொடி முடி போல ஏதோ குத்தியிருக்கிறது, என்ன பட்டது என்று கேட்டார். பூனைக்காலி என்றான் அண்ணன். இருக்கும் என்று சொல்லிச் சொட்டுமருந்து எழுதினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் அண்ணன் அந்தத் தொட்டியை அன்றைக்கே தெருவில் போட்டு உடைப்பான் என்று நினைத்தேன். அப்பா என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று நினைத்தேன். நல்லது, டாக்டர் மருந்து கொடுத்துவிட்டார், இரண்டு நாளில் சரியாகிவிடும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது அந்தத் துண்டின் ஓரத்தில் செலோடேப் ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். பரிசோதனைக் கூடத்தில் யாரும் இல்லாத நேரத்தில் அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இன்னொரு தகட்டில் தொட்டியிலிருந்து எடுத்த முடி. இரண்டும் ஒன்றுதான். ஊசி முனையும், பக்கமெல்லாம் பின்னோக்கி வளைந்த முள்ளுமாக, உள்ளே போனால் வெளியே வராதபடிக்கு. பத்து நிமிஷம் பார்த்திருப்பேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் வசதி போய்விட்டது. தகடுகளைக் கழுவி வைத்துவிட்டு அன்றைக்கு ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களுக்கு நம்பர் ஒட்டினேன்.

அப்பாவின் கண் இரண்டு நாளில் சரியாகவில்லை. விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. அவள் தன் தெருக் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அவர்கள் ஊரில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. அண்ணன் சிரித்தான். நாம் வேதக்காரர்கள், நமக்கு அவள் சூடம் எதற்கு என்றான். அதைக் கேட்டு அவள், சரி, உங்கள் மாதா கோயிலுக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்த பிறகு கோயில் வளாகத்தில், மாதா சொரூபம் வைத்துக் குகை போலக் கட்டிய கெபி முன்னால் கூடினோம். அப்பா கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன், அவன் கட்சிக்காரர் ஒருவர், கிராமத்திலிருந்து இரண்டு பெரியவர்கள். அவள் தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலோடு, வெறும் வயிற்றோடு வந்திருந்தாள். செருப்பை வளாகத்து வாசலிலேயே விட்டிருந்தாள். எங்கள் கோயிலில் எப்படி நிற்பது, எங்கே கைகூப்புவது என்று தெரியாமல் ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இந்தக் கையால நான் எதையும் தடவல. நான் செய்யல. செஞ்சிருந்தா இந்தத் தாயே கேக்கட்டும்" என்றாள்.

சொல்லிவிட்டு, யாரும் எதிர்பார்க்காதபடிக்கு, எரிந்துகொண்டிருந்த பெரிய மெழுகுவர்த்தியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சூடம் என்றால் அடித்த அடியில் அணையும், கை கறுக்கும், வேறொன்றும் ஆகாது. மெழுகு அப்படியில்லை. உருகிய மெழுகு விரலிடுக்கெல்லாம் வழிந்து ஒட்டிக்கொண்டது. அவள் கையை எடுக்கவில்லை. சூடத்துக்கு எவ்வளவு நேரம் வைக்க வேண்டுமோ அவ்வளவு நேரமும் வைத்திருந்தாள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். போதும்மா, போதும் என்றார். அதோடு முடிந்திருக்கும். அண்ணன் விடவில்லை.

"நீ செய்யல, சரி. உன் வீட்டு ஆளு யாரும் செய்யலன்னு சொல்லு. சொல்லிட்டுப் போ."

அவளுக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு மகன் இருந்தான். குழாய் எதிர்ப்புக் கூட்டங்களில் முன்னால் நிற்பவன். எங்கள் அண்ணனை வயலுக்கே வரக்கூடாது என்று ஒரு தடவை மறித்தவன். எல்லாருக்கும் அவன் நினைவு வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மெழுகு ஒட்டிய கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லும்மா என்று கிராமத்துப் பெரியவர் ஒருவர் கெஞ்சுவது போலக் கேட்டார். அவள் வாயே திறக்கவில்லை. அப்பா மெல்ல மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அந்த இடத்தில் பேசாமல் நின்றதற்கு எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை. பயம் என்று சொல்லலாம், ஆனால் யார் என்னை என்ன செய்துவிடுவார்கள்? வெட்கம்தான். சண்டைக்காரி, வாயாடி, யாருக்கும் அஞ்சாதவள் என்று பெயரெடுத்தவள் நான். அந்தப் பெயரில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. நியாயத்துக்காகக் கோபப்படுகிறேன் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். என் கோபமெல்லாம் என் காரியத்துக்கு மட்டும்தான் என்பது அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றபோது தெரிந்தது. வீட்டுக்கு வந்து என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன், அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அந்த வாரமே நிலத்தை விட்டுக்கொடுப்பதாக ஒரு தாள் தயாரானது. போலீசுக்குப் போகாமல் இருப்பதற்கு அது என்று அண்ணன் ஏற்பாடு. அவள் வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கைப் பெருவிரலை வைத்தாள். நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவள், பெருவிரல் வைத்தாள். அந்த வருஷம் ஒன்பது மாவிலும் சம்பா நடவில்லை. பொங்கல் கழிந்து மனைக்கல் நட்டார்கள்.

அப்பாவின் கண் மட்டும் ஆறவேயில்லை. சிவப்பு போகும், வரும். வெளிச்சம் கூசும். பேப்பர் படிக்க இடது கண்ணோடு பக்கத்தில் பிடித்துக்கொள்வார். மாசி மாதம் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனேன். சின்ன வயது டாக்டர் ஒரு பெண், வெகுநேரம் பார்த்தாள். செடியின் சுணை இத்தனை மாதம் உள்ளே இப்படி இருக்காது என்றாள். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, வீட்டில் யாராவது பெரிய சிலந்தி வளர்க்கிறீர்களா என்று கேட்டாள்.

"இவகிட்ட ஒண்ணு இருக்கு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு நல்ல கண்ணை என் பக்கம் திருப்பினார்.

திரும்பி வரும் பஸ் வல்லத்தைத் தாண்டியது. அப்பா அந்தத் துண்டா என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். அன்றைக்கே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். டாக்டரிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் தன் கண்ணுக்கு நல்லதாகியிருக்குமே என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் எதிர்த்துக் கத்தி அழுது தொலைத்திருப்பேன்.

"ரிஜிஸ்டர்ல தப்பா எழுதிட்டா அடிச்சிட்டுப் பக்கத்துல இனிஷியல் போடுவோம். அதுக்கு ஒரு வழி உண்டு. கெபி முன்னால அவ கைய வச்சாளே, அதுக்கு எங்க போய் இனிஷியல் போடுறது" என்றார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "நீ போய்ச் சொல்லு. எனக்கு அவ மொகத்தப் பாக்க முடியாது" என்றார்.

மறுநாள் மதியம் போனேன். காலனியில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. கூலி நடவுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அடுத்தவர் வயலில் நட்டுவிட்டு வந்த சேறு முழங்கால் வரை காய்ந்திருந்தது. வாங்க பாப்பா என்று பாயை உதறிப் போட்டாள். அப்போது அவள் உள்ளங்கை தெரிந்தது. தோல் ரோஸ் நிறத்தில் பளபளவென்று சுருங்கியிருந்தது, விரல்களை முழுதாக விரிக்க முடியவில்லை. ஐயா கண் எப்படியிருக்கிறது என்று அவள்தான் முதலில் விசாரித்தாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிலந்திக்காரர் சொன்ன இரண்டாவது பாதியிலிருந்து தொடங்கி, துண்டு, டப்பா, தஞ்சாவூர், மைக்ராஸ்கோப், தூண் எல்லாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று நிறுத்தாமல் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள், காறித் துப்புவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்துத் தயாராகத்தான் போயிருந்தேன். நிலம் போய்விட்டதே என்பாள், அதற்கு அப்பா ஏதாவது செய்வார் என்று சொல்லலாம் என்றும் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.

அவள் நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப... அவன் செய்யலயா?" என்றாள்.

யார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

"எம் மவன். அவன்தான் எனக்குத் தெரியாம என் பையில பொடியப் போட்டுவிட்டானோ, அது என் கைவழியாப் பட்டுச்சோன்னு நெனச்சேன். அதான் அன்னைக்கு உங்க கோயில்ல என்னால சொல்ல முடியல. பொய்ச் சத்தியம் பண்ணக் கூடாதுல்ல."

அன்றைக்குக் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வெந்த கையோடு மகனைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். அவன் இல்லையென்றிருக்கிறான். தெருவே பார்க்க விளக்குமாற்றை எடுத்து அடித்திருக்கிறாள். மூன்று தரம் இல்லம்மா என்று சொன்னவன் அதற்கு மேல் சொல்லவில்லையாம். சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகக் கூட்டாளி ஒருவன் சொல்லித்தான் தெரியும். அவள் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

"பெத்த புள்ளய நம்பாம, ஐயா கண்ணப் பாத்து உங்க வீட்டுப் பேச்ச நம்பிட்டேன் பாப்பா" என்றாள். அப்போதும் அவள் குரலில் எனக்கான கோபம் எதுவும் இல்லை. இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உள்ளே போய் காலண்டர் தாளில் எழுதி வைத்திருந்த நம்பரைக் கொண்டுவந்தாள். உங்கள் நம்பரிலிருந்து போட்டால் தெரியாத நம்பர் என்று எடுப்பான், நீங்களே அவனிடம் சொல்லுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டான் என்றாள். விரல் விரியாத கையால் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். நான் போட்டேன். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு பெண் குரல் வந்தது. முதலில் அவளுக்குப் புரியாத இங்கிலீஷில் சொன்னது.

"என்ன சொல்லுது?"

"இந்த நம்பர் இப்ப உபயோகத்துல இல்லைன்னு சொல்லுதுக்கா."

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து, இன்னும் நிதானமாக, ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

போட்டேன்.